குதிகால் ஓசையும் எட்டு எண்ணிக்கையும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் குதிப்பு பாடமான வரலாறு

தரையை விட்டு எழும்ப மனித உடலுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், எந்தக் கணக்கில் எழும்புவது, காற்றில் இருக்கும் அந்தக் கணநேரத்தில் கைகால்கள் எந்த வடிவில் நிற்பது, பாதத்தின் எந்தப் பகுதியால் தரையை மீண்டும் தொடுவது என்ற மூன்றையும் பாடமாகப் பகுத்து, குலத்தாலோ உறவாலோ தொடர்பில்லாத பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கற்பிக்கும் வழக்கம் மிக அண்மைக்காலத்தது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் அவற்றைச் சூழ்ந்த நகரங்களையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் அவ்வழக்கம் இரண்டு வழிகளில் வந்து வேரூன்றியது. சென்னை அடையாறிலிருந்து பரதநாட்டிய ஆசிரியர்கள் கொண்டுவந்த அடவுப் பயிற்சி ஒன்று. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுத் திடல்களில் பிறந்து, மலாயில் ‘பாசுக்கான் சோராக்’, அதாவது ஆரவாரக் குழு, என்று வழங்கும் சியர்லீடிங் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் முன்பே, பாடமென்று எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கற்கப்பட்டுவந்த குதிப்பும் இங்கு உண்டு. அதைக் கூறாமல் பின்வந்தவற்றின் புதுமையை விளக்க இயலாது.

அந்த மூத்த குதிப்பு காவடியாட்டத்துக்குரியது. தமிழ்ச் சமூகத் தலைவர் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் 1891-இல் பத்துமலைக் குகையில் முருகன் வழிபாடு நிலைபெற்று, 1892-இல் அங்குத் தைப்பூசம் தொடங்கிய நாள்முதல், கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலை வரையிலான பாதை, ஆண்டுக்கொருமுறை கூடும் ஆட்டப்பள்ளியாகவே இருந்துவந்துள்ளது. தோளில் சுமை இருப்பதால் காவடியாட்டத்தின் குதிப்பு உயரமாக எழுவதில்லை. உடல் எவ்வளவு துள்ளினாலும் காவடியின் வளைவும் மயிற்பீலியும் நிலைகுலையாமல் சுழல வேண்டுமென்பதால், எழும்பும் விசை முழுவதையும் முழங்காலும் கணுக்காலும் வாங்கித் தணித்துக்கொள்கின்றன. இதற்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுப்பவர் எவருமில்லை. உறுமியின் இழுப்பொலிதான் கணக்கு. தந்தைக்கோ தாய்மாமனுக்கோ பக்கத்தில் நடந்துவரும் சிறுவன், அவருடைய கால் மாறுவதைக் கண்டும் மேளம் மாறுவதைக் கேட்டும் தானே கற்றுக்கொள்கிறான். தோட்டப்புறங்களின் கோயில் திருவிழாக்களிலும் கூத்து மேடைகளிலும் கற்றல் இவ்வாறே நிகழ்ந்தது. இதைப் பயிற்சியற்ற ஆட்டமென்று ஒதுக்குவது பிழை. பயிற்சி ஊர்வலத்துக்குள்ளேயே கரைந்திருந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

குதிப்பு ஊர்வலத்திலிருந்து பிரிந்து கூடத்துக்குள் நுழைந்த இடமாகப் பிரிக்ஃபீல்ட்ஸைக் குறிப்பிடலாம். 1881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்த பெருந்தீயும், அதே ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளமும் அத்தாப்புக் கூரைகளும் மரச்சுவர்களும் கொண்டிருந்த கோலாலம்பூரை அழித்தபின், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்ட வேண்டுமென்று பிரிட்டிஷ் ஆட்சியாளர் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தியதன் விளைவாகச் செங்கற்சூளைகள் பெருகிய நிலப்பகுதி இது. பெயரும் அதனால் வந்ததே. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளும், எழுத்தர் பணிக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்களும், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் இப்பகுதிக்கு இன்றைய முகத்தை அளித்தனர். 1894-இல் தொடங்கப்பெற்ற சிங்கள பௌத்தச் சங்கத்தின் மகா விகாரை, 1904-இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமம், ஸ்காட் சாலையின் கந்தசுவாமி கோயில் ஆகியவை நடந்தே சென்றுவரும் தொலைவில் அமைந்தன. மாதச் சம்பளம், பிள்ளைகளின் கல்வியில் அளவுகடந்த அக்கறை, மாலை நேரங்களில் கூடுவதற்குக் கோயிலையோ ஆசிரமத்தையோ ஒட்டிய மண்டபங்கள் என்ற மூன்றும் ஒருசேர வாய்த்த இத்தகைய குடியிருப்பில்தான், நடனத்தை வாரந்தோறும் கட்டணம் செலுத்திக் கற்கும் ‘வகுப்பு’ என்ற அமைப்பு நிலைக்க முடிந்தது.

அவ்வகுப்புக்குரிய பாடம் இங்கே உருவானதன்று. ஆடலைப் படிப்படியாகக் கற்பது தமிழுக்குப் புதிதல்ல. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியவளாகவே மாதவியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் கரணம் எனப்படும் 108 ஆடலசைவுகளையும், காலை மேலே எடுத்து வைப்பதும் எழும்புவதுமான 16 ஆகாசசாரிகளையும் விவரிக்கிறது. அபிநய தர்ப்பணம் குதிப்புகளுக்கு ‘உத்பிலவனம்’ என்று பெயரிட்டு, அலகம், கர்த்தரி, அசுவம், மோடிதம், கிருபாலகம் என ஐந்தாக வகுக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணச் சிற்பங்களும், சிதம்பரம் கோபுர வாயில்களில் கரண வரிசையும் கல்லில் நிற்கின்றன. எனினும் நூலும் சிற்பமும் குதிப்பின் பெயரையும் வடிவத்தையும் காத்தனவே தவிர, அதை உடலுக்குள் ஏற்றும் வேலையை நட்டுவனார்களின் வீட்டுத் திண்ணைகளும் தேவதாசி மரபுப் பெண்களின் கூடங்களுமே செய்துவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர் அடவுகளை ஒழுங்குபடுத்திக் கச்சேரி முறையையும் அமைத்தனர் என்பது மரபு. கையசைவு, கால்வைப்பு, உடல்நிலை மூன்றும் ஒரு தாள அளவுக்குள் இணையும் மிகச்சிறிய ஆடல் அலகுக்கு ‘அடவு’ என்று பெயர்.

பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பயின்ற ருக்மிணி தேவி, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடி, அடுத்த மாதமே, 1936 சனவரி 6-இல், பின்னாளில் கலாக்ஷேத்திரம் என்று பெயர்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது, கற்பிக்கும் முறையே மாறத் தொடங்கியது. நட்டுவனார் தம் முன் நிற்கும் ஒரு மாணவியின் உடலமைப்பைப் பார்த்துப் பாடத்தை வளைத்துக்கொள்ளும் வழக்கம் போய், ஒரே கூடத்தில் வரிசையாக நிற்கும் பலருக்குப் பொதுவான ஒரே வரையறை வந்தது. தட்டடவில் தொடங்கி, நாட்டடவு, குதித்து மெட்டடவு, தட்டி மெட்டடவு, மண்டியடவு, சறுக்கலடவு என்று ஒவ்வொரு தொகுதியிலும் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்னும் மூன்று வேகங்களில் ஆடவைக்கும் முறை நிலைபெற்றது. 1940-களின் தொடக்கத்தில், அங்கு நட்டுவனாராக இருந்த சொக்கலிங்கம் பிள்ளை அந்நிறுவனத்தை விட்டு விலகியபின், அதுவரை ஆண்களுக்கே உரியதாக இருந்த நட்டுவாங்கத்தை, அதாவது தாளமிட்டுச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை, ருக்மிணி தேவியின் மாணவியரே ஏற்றனர். அதே பத்தாண்டில், 1947-இன் சென்னை மாகாணச் சட்டம் தேவதாசி முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அச்சட்டம் ஒரு கொடுமையை நிறுத்தியது. அதே வேளையில், குதிப்பின் நுட்பத்தைத் தம் உடலில் சுமந்திருந்த பெண்கள் பலர், அதைக் கற்பிக்கும் தகுதியுடையோராக மதிக்கப்படாமலே மறைந்தனர். இவ்விழப்பைச் சொல்லாமல் பாடத்திட்டத்தின் வெற்றியை மட்டும் பேசும் வரலாறு நேர்மையானதாகாது.

குதித்து மெட்டடவின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், அம்முறை குதிப்பை எப்படிப் பகுத்தது என்பது தெளிவாகும். தமிழில் ‘குதி’ என்ற ஒரே சொல் எழும்புதலையும் பாதத்தின் பின்பகுதியையும் குறிக்கும். இந்த அடவிலோ இரண்டு பொருளும் ஒரே செயலுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. மாணவி அரைமண்டியில், அதாவது பாதங்கள் இருபுறமும் திரும்பி, முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து, உடல் நிமிர்ந்து, இடுப்பு பாதியளவு தாழ்ந்த நிலையில் இருக்கிறாள். ‘தெய்’ என்ற சொல்லுக்கு அந்நிலையிலிருந்தே எழும்பி, குதிகால் உயர்ந்திருக்க முன்பாதத்தில் இறங்குகிறாள்; ‘ஹத்’ என்ற சொல்லுக்குக் குதிகாலைத் தரையில் அடிக்கிறாள். ஆடற்கலைஞர் வழக்கில் இந்தக் குதிகால் அடிப்புக்கே ‘மெட்டு’ என்று பெயர். அடுத்த ‘தெய்’யில் மீண்டும் எழுந்து, ‘ஹி’யில் மீண்டும் மெட்டுகிறாள். எழும்பும்போது தலை மேலே போகக் கூடாது என்பது ஆசிரியர்கள் ஓயாமல் வற்புறுத்தும் விதி. அரைமண்டியின் தாழ்வு குலையாமலிருந்தால்தான் குதிப்பு அடவாகும், இல்லையேல் வெறுந்துள்ளலாகிவிடும். ஆக, இக்குதிப்பைக் காண்பவர் உயரத்தைப் பார்ப்பதில்லை. சலங்கையும் குதிகாலும் தட்டுக்கழியின் ஓசையோடு ஒன்றாக விழுகின்றனவா என்றே கேட்கிறார். ஆசிரியர் கையிலுள்ள தட்டுக்கழியும் அது தட்டும் தட்டுமனையும் வெறும் கருவிகளல்ல. ஒரு மாணவியின் குதிகால் மயிரிழை பிந்தினாலும் காட்டிக்கொடுக்கும் சாட்சிகள்.

இப்பாடம் மலாயாவுக்கு நூல்வழியாக வரவில்லை, ஆசிரியர்வழியாக வந்தது. வி.கே. சிவதாஸ், வத்சலா சிவதாஸ் தம்பதியரும், கோபால் ஷெட்டி, ராதா ஷெட்டி தம்பதியரும் கோலாலம்பூரில் தலைமுறைகளைப் பயிற்றுவித்தோருள் முதன்மையானோர். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ என்னும் நுண்கலை நிறுவனத்தில் இவ்விரு இணையரும் ஆசிரியர்களாக இணைந்ததால், தனித்தனி வீட்டு வகுப்புகளாக இருந்த நடனக்கல்வி ஒரே கூரையின்கீழ் வந்தது. இன்று அந்நிறுவனம் நிற்கும் பிரிக்ஃபீல்ட்ஸின் ஜாலான் பெர்ஹாலா, மகா விகாரையும் அமைந்துள்ள அதே தெருவாகும். ‘பெர்ஹாலா’ என்ற மலாய்ச் சொல்லுக்கு வழிபாட்டுச் சிலை என்று பொருள்.  காஜாங்கில் 1953-இல் பிறந்த ராம்லி இப்ராஹிம், அடையாறு கே. லட்சுமணனிடம் பரதமும் தேவப்பிரசாத் தாஸிடம் ஒடிசியும் பயின்று, 1983-இல் சூத்ரா நடன அரங்கத்தை நிறுவினார். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மலாய் முஸ்லிம் ஆண் ஒருவர் அடவைத் தம் கலையாக ஏற்று, பல இனத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தார் என்பது, எண்ணிட்டுப் பகுக்கப்பட்ட பாடத்தின் ஆற்றலுக்குக் கிடைத்த மிகச்சிறந்த சான்று. 1994-இல் தொடங்கி இன்று அஸ்வாரா என்னும் பெயரில் இயங்கும் தேசியக் கலைக்கல்வி நிலையத்தில், மலாய், சீன ஆடல்களோடு பரதநாட்டியமும் கற்பிக்கப்படுவதால், சொற்கட்டை முதன்முதலாக அங்கே கேட்கும் மாணவரும் உளர்.

அடையாற்றில் அடவு பாடமானதற்கு இணையாக, உலகின் மறுகோடியில் இன்னொரு குதிப்பும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பாடமாகிக்கொண்டிருந்தது. 1898 நவம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் ஜானி கேம்பல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கத்தை நடத்தியதை, சியர்லீடிங்கின் பிறப்பாகக் கொள்வது வழக்கம். முதலில் ஆண்களுக்கே உரியதாக இருந்த இப்பணியில் 1923-இல் அப்பல்கலைக்கழகத்திலேயே பெண்கள் சேர்ந்தனர். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குச் சென்றபின் பெண்களே மிகுந்தனர். நட்டுவாங்கம் பெண்கள் கைக்கு வந்ததும் இதே பத்தாண்டில்தான் என்பது தற்செயலாயினும் கருதத்தக்கது. டெக்சஸ் மாநிலத்தின் தென்மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆரவாரக் குழுவிலிருந்த லாரன்ஸ் ஹெர்க்கிமர், 1948-இல் தேசிய சியர்லீடர் சங்கத்தை நிறுவி, ஹன்ட்ஸ்வில் நகரக் கல்லூரியில் நடத்திய முதல் பயிற்சி முகாமுக்கு 52 பெண்களும் ஓர் ஆணும் வந்தனர். ஒரு காலை நேராக நீட்டி, மறுகாலை மடக்கி, ஒரு கையை இடுப்பிலும் மறுகையை வானிலும் வைத்து எழும்பும் குதிப்புக்கு இன்றும் அவர் பெயரால் ‘ஹெர்க்கி’ என்றே பெயர். இரு கால்களையும் பக்கவாட்டில் விரிக்க முயன்று முடியாமற்போனதில் பிறந்த வடிவம் அது என்பர். ஒருவரின் உடல் தவறிச் செய்த அசைவு, பெயரும் இலக்கணமும் பெற்று, முகாம்களின் வழியாக நாடெங்கும் ஒரே மாதிரியாகக் கற்பிக்கப்பட்டது. ருக்மிணி தேவியும் ஹெர்க்கிமரும் ஒருவரையொருவர் அறியார். நோக்கத்திலும் தகுதியிலும் இருவர் கலைகளும் வேறு. எனினும், தனியொருவரின் காலில் தங்கியிருந்த குதிப்பைப் பெயரிட்டு, பகுத்து, எண்ணிட்டு, கடல்கடந்தும் எடுத்துச்செல்லத்தக்க பாடமாக்கிய செயலில் இருவரும் ஒரே காலத்தவரே.

கிள்ளான் பள்ளத்தாக்கின் இடைநிலைப்பள்ளிகளில் இல்ல விளையாட்டுப் போட்டியின்போது கூடாரத்துக்கு முன் முழக்கமிடும் குழுக்கள் முன்பே இருந்தன. தி ஸ்டார் நாளிதழ் 2000-ஆம் ஆண்டில் ‘சியர்’ என்னும் தேசியப் பள்ளிப் போட்டியைத் தொடங்கியதும், முழக்கம் பின்னுக்குச் செல்ல, குதிப்பும் தாங்கலும் கோபுர அமைப்பும் முன்னுக்கு வந்தன. ஆடிக் காட்டும் ஒத்திசைவுக்கு நடுவர் மதிப்பெண் இடத் தொடங்கியதால், ஒவ்வொரு பள்ளியும் முறையான பயிற்சியைத் தேட நேர்ந்தது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு இவ்விளையாட்டின் உலகச் சங்கத்துக்கு 2016-இல் தற்காலிகமாகவும் 2021-இல் முழுமையாகவும் ஏற்பு வழங்கியபின், அதை வெறும் ஆரவாரமென்று கூறுவோர் குறைந்துவருகின்றனர்.

இப்பயிற்சியில் தொடக்கநிலை மாணவர்க்குக் கற்பிக்கப்படுபவை சிலவே. முழங்கால்களை மார்புவரை இழுத்துச் சுருங்கி எழுவது ‘டக்’. கைகால்களை நான்கு திசைக்கும் விரித்துப் பெருக்கற்குறிபோல் நிற்பது ‘ஸ்ப்ரெட் ஈகிள்’. கால்கள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்துக் கைகளின் உயரத்துக்குக் கொண்டுவருவது ‘டோ டச்’. கடைசியதன் பெயர் கால்விரலைத் தொடச் சொல்லினும், தொடுவதற்காக முதுகை வளைப்பதே தொடக்கநிலையாளர் செய்யும் பெரும்பிழை; கால்தான் கையிடம் வர வேண்டும், கை காலிடம் போகக் கூடாது. அதற்குரிய வலிமையைத் தேட, மாணவர் முதலில் தரையில் கால்களை அகட்டி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே கால்களை உயர்த்தி இறக்கும் பயிற்சியைப் பல வாரங்கள் செய்கின்றனர். குதிக்கக் கற்பதற்கு முன் உட்காரக் கற்க வேண்டும் என்ற இடத்தில், அரைமண்டியில் மாதக்கணக்கில் தட்டடவு மட்டுமே செய்யும் பரதநாட்டிய மாணவியின் பாடத்தோடு இது நெருங்கிவருகிறது. பொறுமை குறைந்த பெற்றோர் இரு வகுப்புகளிலும் கேட்கும் கேள்வி ஒன்றே: பிள்ளை எப்போது ஆடத் தொடங்கும் என்பது. தசைநாரும் மூட்டும் இடந்தருவதற்கு முன் உயரத்தைக் கேட்கும் எந்தப் பயிற்சியும் பிள்ளைக்குத் தீங்கே செய்யும் என்பதால், அக்கேள்விக்கு விடைதர மறுக்கும் ஆசிரியரே நல்லாசிரியர்.

இறங்கும் முறையில்தான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. சியர் குதிப்பில் பாதங்கள் சேர்ந்து, முழங்கால்கள் மடிந்து, ஓசையே இல்லாமல் தரையைத் தொட வேண்டும். விசையைத் தணிப்பதற்கு மென்மெத்தையும் விரிக்கப்படுகிறது. குதித்து மெட்டிலோ ஓசையே குறிக்கோள். தரையின் இயல்பு ஆடுபவரின் முழங்காலில் பதியும் என்பதை அறிந்த ஆசிரியர்கள், அடியில் வெற்றிடம் விட்டு அமைத்த மரத்தளத்தை விரும்புவர். எனினும் கடைவீட்டு மாடிகளிலும் கோயில் மண்டபங்களிலும் பெரும்பாலும் கிடைத்தது சிமெண்டுத் தரையும் ஓட்டுத் தரையுமே. அத்தரைகளில் மூன்றாங்காலத்தில் நூறுமுறை மெட்டிய மாணவியரின் கணுக்காலும் முழந்தாளும் பட்ட பாடு, அரங்கேற்ற அழைப்பிதழ்களில் இடம்பெறாத வரலாறு. காவடி எடுப்பவரின் குதிப்புக்குத் தார்ச்சாலையே தளம். வெயிலில் சூடேறாதிருக்க அதன்மீது நீர் ஊற்றுவோர் உண்டே தவிர, மெத்தை விரிப்பார் இல்லை.

எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், சியர் பயிற்சியும் ஆதிதாள அடவும் எட்டு என்ற ஒரே அளவுக்குள் அடங்குகின்றன. சியரின் வழக்கமான பகுப்பொன்றில், முதல் நான்கு எண்ணிக்கை கைகளை உயர்த்தி வீசி உடலை ஆயத்தப்படுத்தவும், அடுத்த இரண்டு எழும்பவும், கடைசி இரண்டு இறங்கி நிமிரவும் செலவாகின்றன. எட்டு எண்ணிக்கைக்கு ஒரே குதிப்பு, அதன் உச்சியில் ஒரு கணநேரத்து வடிவம். அடவின் முதற்காலத்தில் அதே எட்டுக்குள் ‘தெய் ஹத் தெய் ஹி’ இருமுறை ஒலித்து, நான்கு குதிப்பும் நான்கு மெட்டும் நிகழ்கின்றன. இரண்டாங்காலத்தில் அவை எட்டெட்டாகவும், மூன்றாங்காலத்தில் பதினாறு பதினாறாகவும் பெருகுகின்றன. பள்ளிமுடிந்து திடலில் எட்டுக்கு ஒன்றாகவும், மாலையில் கூடத்தில் எட்டுக்குப் பதினாறாகவும் குதிக்கும் மாணவி, முன்னதில் காற்றில் இருக்கும் நேரத்தை எண்ணுகிறாள், பின்னதில் குதிகால் தரையைத் தொடும் நேரத்தை எண்ணுகிறாள்.